ட்ரினி சொல்லும் பனி நிலவரம்

காலை ஆறரை மணி. ட்ரினிதாத் மல்தொனாதோ கையுறையைப் பல்லால் கடித்து இழுத்துக் கழற்றி, ஒரு சிட்டிகை பனியைக் கிள்ளி வாயில் போட்டுக்கொள்கிறார். உடனே விழுங்கிவிடுவதில்லை. நாக்கில் கரையவிட்டு, மேலண்ணத்தில் தேய்த்துப் பார்த்து, பிறகு துப்புகிறார். பின்னால் சரிவைச் சமன்படுத்தும் வண்டி உறுமிக்கொண்டு நிற்கிறது. அதை ஓட்டும் ஃபெர்மின் ஜன்னல் வழியே தலையை நீட்டுகிறார்.

"உப்பு போதுமா?"

"உன் பொண்டாட்டி வைக்கிற சூப்புக்கு இது எவ்வளவோ தேவலை" என்கிறார் ட்ரினி. "மண்ணு நறநறங்குது. ஆப்பிரிக்கா வந்து இறங்கியிருக்கு."

ஸ்பெயினின் தெற்கே, கிரனாடா நகருக்கு மேலே பென்யா ரூபியா மலையில் இது புதிதல்ல. தெற்கிலிருந்து காற்று அடித்தால் கடலைத் தாண்டிச் சகாராவின் புழுதி வந்து படியும். வெள்ளைச் சரிவு ஒரே பகலில் செங்கல் நிறமாகிவிடும்.

ட்ரினிக்கு ஐம்பத்தேழு வயது. குள்ளம். மூக்கு வெயிலில் வெந்து உரிந்திருக்கும். கண்ணாடி மறைத்த இடம் மட்டும் வெளுத்துப் போய், ஆந்தை முழிப்பது போல இருக்கும். முப்பத்தொரு குளிர்காலமாக அங்குள்ள பனிச்சறுக்கு நிலையத்தின் காவல் குழுவில் வேலை, கடைசி ஒன்பது வருடம் அதன் தலைவி. எந்தச் சரிவைத் திறப்பது, எதை மூடுவது என்று விடிவதற்குள் முடிவுசெய்து கையெழுத்துப் போட வேண்டும். அதன்பின் அலுவலகத்தில் உட்கார்ந்து அன்றைய பனி நிலவரத்தைத் தொலைபேசியில் கேட்பதற்காகப் பதிவுசெய்ய வேண்டும். எல்லாம் கைபேசித் திரையில் வந்துவிட்ட பிறகும், ஜனங்கள் அந்த எண்ணுக்குத்தான் கூப்பிடுகிறார்கள்.

காரணம், அவர் நிலவரம் சொல்லும் விதம். 'அருமை', 'பிரமாதம்' எதுவும் அவர் வாயில் வராது. "கீழ்ச் சரிவு காலைல கண்ணாடி. பதினோரு மணிக்கு இளகும். ரெண்டு மணிக்கு மேல உருளைக்கிழங்கு மசியல்தான். வடக்குப் பக்கம் கல்லு தலையை நீட்டுது. புதுச் சறுக்குப் பலகை வாங்கினவங்க அந்தப் பக்கமே போகாதீங்க."

மலையடியில் சறுக்குப் பலகைகளை வாடகைக்கு விடுகிற பால்தொமேரோவுக்கு இதைக் கேட்டால் வயிறு எரியும். அவர் ட்ரினியின் தங்கை கணவர். "மதினி, நீங்க நிலவரம் சொல்றீங்களா, ஒப்பாரி வைக்கிறீங்களா?" என்பார்.

போன பிப்ரவரியில், அந்த மாகாணத்தின் அண்டலூசியா தினத்தை ஒட்டி மூன்று நாள் விடுமுறை வந்தது. அதற்கு முன் இரண்டு வாரமாகப் புதுப் பனியே விழவில்லை. கீழ்ச் சரிவுகள் இறுகிப் பாறையாகக் கிடந்தன. இடையில் ஒருநாள் புழுதி வந்து படிந்தது. பிறகு, வியாழன் இரவும் வெள்ளியும் விடாமல் புதுப் பனி கொட்டியது. காற்று அதை வாரிக்கொண்டுபோய், உச்சிக்கு வடக்கே இருக்கும் பர்ரான்கோ என்ற பெரும் பள்ளத்தில் சேர்த்தது. செங்குத்தான இடம், மறிக்க ஒரு மரம்கூடக் கிடையாது. மலையிலேயே நல்ல பனி இருந்தது அங்கே மட்டும்தான்.

சனிக்கிழமை விடியலில், பனி சரியுமா என்று சோதிக்க ட்ரினி அங்கே இடுப்பளவு குழி வெட்டினார். குழியின் சுவரில் மேலே வெள்ளை, நடுவில் விரல் கனத்துக்குச் செங்கல் கோடு, கீழே மறுபடி வெள்ளை. கோட்டுக்கு அடியில் இருந்த பனி, தொட்டால் சர்க்கரை போல உதிர்ந்தது. மண்வெட்டியை மேலே படுக்கவைத்துக் கையால் தட்டினார். மூன்றாவது தட்டில் மேல்பனி முழுசாக நழுவி அவர் மடியில் வந்து விழுந்தது. சற்றுத் தள்ளி இன்னொரு குழி. இருபது தட்டுக்கும் அசையவில்லை. மூன்றாவது குழியும் அப்படியே நின்றது.

நிலையத்தின் இயக்குநர் கிரோகா, மத்ரித்திலிருந்து வந்து இரண்டாவது குளிர்காலம், தானே மேலே ஏறி வந்தார். எட்டு மணிக்குள் வண்டி நிறுத்த இடம் இல்லாமல் போயிருந்தது.

"மூணு குழியில ஒண்ணுதானே நழுவிச்சு?"

"ஆமாங்க."

"அப்ப ரெண்டு நல்லா இருக்கு."

"நானூறு பேர் அது மேல போறப்ப, அந்த ஒண்ணு எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாதுங்க."

அதிர்வில் பனி சரிகிறதா என்று முகட்டிலிருந்து இரண்டு வெடி போட்டுப் பார்த்தார்கள். பனிப்புகை எழுந்து அடங்கியது. எதுவும் சரியவில்லை. கிரோகா ட்ரினியின் முகத்தையே பார்த்தார்.

"இப்ப என்ன சொல்றீங்க?"

"வெடிக்கு அசையல. அதுக்கு மேல எனக்குத் தெரியாது."

"அடுத்த வருஷம் இந்தக் கையெழுத்தை யார் போடறதுன்னு யோசிக்கணும் போலிருக்கு."

"யோசிங்க" என்று சொல்லி, ட்ரினி பர்ரான்கோவுக்குள் இறங்கும் இடத்தில் குறுக்கே கயிறு கட்டி மூடினார்.

அன்றைய வெயில் அவரைக் கேலி செய்வது போல அடித்தது. பர்ரான்கோ இஸ்திரி போட்ட படுக்கைவிரிப்பாக மின்னியது. கூட்டமெல்லாம் கீழே இறுகிய சரிவுகளில் நெருக்கியடித்தது. மதியத்துக்குள் மூன்று பேர் மோதி விழுந்தார்கள். ஒரு மருந்துக்கடைக்காரருக்கு மணிக்கட்டு முறிந்தது. மீட்புச் சறுக்குவண்டியில் அவரைப் படுக்கவைத்துக் கீழே கொண்டுவந்தது ட்ரினிதான்.

வலியில் முகம் வெளுத்திருந்த மனிதர் கேட்டார்: "மேல அவ்வளவு பனி சும்மா கிடக்குது. எங்களை ஏம்மா இந்தக் கண்ணாடியில விட்டீங்க?"

ட்ரினி போர்வையை அவர் கழுத்துவரை இழுத்துவிட்டார். பலமுறை அண்ணாந்து பர்ரான்கோவைப் பார்த்தார். அது சரிந்துவிடக் கூடாதா என்று ஒரு கணம் நினைத்துவிட்டு, நினைத்ததற்காகக் கூசிப்போனார்.

மாலையில் மதுக்கடையில் பால்தொமேரோ எல்லார் முன்பும் ஆரம்பித்தார். பாதிப் பேர் மதியமே பலகையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கடற்கரைக்குப் போய்விட்டிருந்தார்கள்.

"மதினி, பனி சரிஞ்சுதா?"

"இல்ல மாப்ள."

"சரியும்னீங்களே."

"சரியும்னு சொல்லல. தெரியலன்னு சொன்னேன்."

"முப்பத்தொரு வருஷம் மலையில கிடந்துட்டு, தெரியலன்னு சொல்றதுக்கா ஒரு ஆளு? அதை என் கடை நாயே சொல்லுமே."

கடை மொத்தமும் சிரித்தது. ஃபெர்மின்கூடக் கோப்பைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டார். ட்ரினி சூப்பை மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டு எழுந்து போனார்.

ஞாயிறும் திங்களும் கயிறு அவிழவில்லை. பர்ரான்கோவும் சரியவில்லை. விடுமுறைக் கூட்டம் முணுமுணுத்துக்கொண்டே மலை இறங்கியது. செவ்வாயன்று ட்ரினி இரண்டு குழி வெட்டிப் பார்த்துவிட்டு, கயிற்றை அவிழ்க்காமலே திரும்பினார். புதன் காலை ஐந்து குழி வெட்டினார். ஐந்திலும் செங்கல் கோடு மேலும் கீழும் இருந்த பனியோடு ஒட்டி இறுகியிருந்தது. எத்தனை தட்டியும் நகரவில்லை. கயிற்றை அவிழ்த்துச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு, அவரே முதலில் இறங்கினார். பலகைக்கு அடியில் பனி சத்தமில்லாமல் விலகிக் கொடுத்தது. கீழே வந்து நின்று பார்த்தபோது, அத்தனை பெரிய வெள்ளையில் அவர் போட்ட ஒற்றைக் கோடுதான் இருந்தது. அந்த மூன்று நாளும் எத்தனை பேர் இதற்காக ஏங்கினார்கள் என்று அப்போதுதான் அவருக்கு முழுசாக உறைத்தது.

ஈரச் சட்டையோடே அலுவலகத்தில் உட்கார்ந்து பதிவுசெய்தார். "பர்ரான்கோ இன்னிக்குத் திறக்குது. பனி நல்லா இருக்கு. சனிக்கிழமையும் அது தாங்கியிருக்கலாம். எனக்குத் தெரியல, அதனால மூடினேன். கீழ்ச் சரிவுல மணிக்கட்டு முறிஞ்சவருக்கு எலும்பு சீக்கிரம் கூடட்டும்."

கிரோகா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "சனிக்கிழமை கதை இப்ப எதுக்கு? நம்ம தப்பை நாமே ஒத்துக்கிட்ட மாதிரி இருக்கு. அதை எடுத்துட்டு மறுபடி பதிவு பண்ணுங்க."

"சரிங்க" என்றார் ட்ரினி.

பதிவை அழித்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு முதலிலிருந்து தொடங்கினார். பர்ரான்கோ திறப்பதைச் சொன்னார். பனி நன்றாக இருப்பதைச் சொன்னார். சனிக்கிழமையைச் சொல்ல வேண்டிய இடம் வந்ததும், மைக்கை வாய்க்கு இன்னும் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.