துக்க வீட்டு ஃபலாஃபல்

துக்க வீட்டில் எண்ணெய்ச் சட்டி ஏறக் கூடாது. இது மலேசியாவின் சிடாம் கிரியில் நாய்களுக்குக்கூடத் தெரியும். கல்யாண வீடென்றால் விடிவதற்குள் வாசலில் வந்து படுத்துக்கொள்ளும் அவை, சாவு வீட்டை ஒருமுறை மோந்து பார்த்துவிட்டு அடுத்த தெருவுக்கு நடையைக் கட்டிவிடும். பொரிக்கக் கூடாது, வதக்கக் கூடாது, கடுகுகூட வெடிக்கக் கூடாது. பதினாறாம் நாள் கருமாதி முடிந்த பிறகுதான் சட்டியை அடுப்பில் ஏற்றி, நாலு வடையைத் தட்டிப் போட்டு, போனவர் போய்விட்டார் என்று வீடு ஒப்புக்கொள்ளும்.

பிரேமாவதி பிறந்தது புக்கிட் செலம்பாவ் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றின் லயத்தில். தோட்டம் எண்ணெய் எடுக்கும் செம்பனையானது, லயம் புல்லானது, அவள் கையுறைத் தொழிற்சாலையில் ஓட்டைக் கையுறைகளைப் பொறுக்கிப் போடும் வேலைக்குப் போனாள். செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டிய பழனியாண்டியைக் கட்டிக்கொண்டாள். ஊரில் காதுகுத்து, கல்யாணம், சடங்கு எதுவானாலும் வடைச் சட்டிக்கு முன்னால் அவளைத்தான் உட்காரவைப்பார்கள். மரியாதை மாலை அவள் கழுத்துக்கு ஒருநாளும் வந்ததில்லை. கரண்டி மட்டும் தேடி வரும்.

பழனியாண்டி தேத்தண்ணி கேட்டார். அவள் கலக்கிக்கொண்டு வருவதற்குள் நாற்காலியிலேயே போய்விட்டார். கேட்ட தேத்தண்ணியைக் குடிக்கக்கூடப் பொறுமையில்லாத மனிதர்.

ஒரே மகன் சுகுமாரன். கத்தாரில் ஏதோ ஒரு கட்டடத்தின் குளிர்சாதனங்களைப் பார்த்துக்கொள்கிற வேலை. போய் ஏழு வருடமாயிற்று. "அடுத்த வருஷம் பாக்கலாம்மா" என்பதும் ஏழு தடவை ஆயிற்று. அவன் விமானம் பினாங்கில் இறங்கியபோது அப்பா சாம்பலாகியிருந்தார். மறுநாள் கோலா மூடாவில், ஆறு கடலில் கலக்கும் இடத்தில், பானையைக் கவிழ்க்க மட்டும் அவனுக்குக் கொடுத்துவைத்திருந்தது. கரையேறியதும் அவன் சொன்ன முதல் வாக்கியம்: "லீவு கொஞ்சம்தான்மா."

பிரேமாவதி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கொள்ளி வைக்காத மகன் கருமாதியாவது செய்ய வேண்டாமா? பதினாறு வரை இருந்தே ஆக வேண்டும். புருஷன் செத்து அவளுக்குச் சேர்த்துவைத்த சொத்து அந்தப் பதினாறு நாள்தான். அது முடிந்தால் இந்த வீட்டுக் கதவை யார் தட்டப்போகிறார்கள்? ஏழு வருடத்துக்குப் பிறகு மகன் கூடத்தில் பாய் போட்டுத் தூங்குகிறான். அவன் குறட்டைகூட அப்பனுடையது மாதிரியே இருந்தது.

ஆனால் மகனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தாளிக்காத ரசம், வேகவைத்த கீரை, கஞ்சி.

"அங்க என்னய்யா சாப்டுவே?"

"காலைல ஃபலாஃபல்தாம்மா. கடைக்காரன் சுடச்சுட எடுத்துப் போடுவான். அது இல்லேன்னா எனக்கு நாளே ஓடாது."

கைப்பேசியில் காட்டினான். கொண்டைக்கடலையை அரைத்து, உருட்டி, எண்ணெயில் பொரிக்கிறார்கள். பிரேமாவதி மூக்கின்மேல் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தாள். அட, இது நம்ம வடையின் சித்தப்பா மகன். அரபு நாட்டுக்குப் போய்க் கொஞ்சம் உருண்டுவிட்டான், அவ்வளவுதான். இது இங்கே கிடைத்தால் அவன் ஏன் அங்கே போகிறான்? வயிறு தங்கினால் ஆளும் தங்குவான். பொருளாதாரம் படித்தவர்கள் இதைக் கேட்டுச் சிரிக்கலாம். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் வெளிநாட்டில்தான் இருக்கிறார்கள்.

எண்ணெய்ச் சட்டிதான் இல்லையே. பக்கத்து வீட்டில் பொரித்து வாங்கிக்கொள் என்றார்கள். பிள்ளையைப் பிடித்துவைக்கப் பக்கத்து வீட்டுக் கையா? பிரேமாவதிக்கு அது ஒப்பவில்லை. அப்போதுதான் பழனியாண்டியின் அக்கா மருதம்மாளின் மகள் ஷாமளா, சுங்கை பட்டாணியிலிருந்து தன் ஏர் ஃபிரையரைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

மருதம்மாள் வாசலிலேயே மறித்தாள். "ஏய், என்னாடி அது?"

"சூடான காத்துல வேகும்மா. எண்ணெய் வேணாம்."

"பேர்லயே ஃபிரையர்னு இருக்கு, என்னைய ஏமாத்தப் பாக்கறியா? நான் மூணாவது வரைக்கும் படிச்சவ."

"சட்டியே இல்லம்மா இதுல. கூடைதான். பாரு."

"கூடையில பொரிச்சா அது பொரிச்சதில்லையா? என் தம்பி மேல நின்னு பாத்துக்கிட்டு இருப்பான்லா."

கோயில் தலைவர் பரஞ்சோதிக்குப் போன் போட்டார்கள். ஊரில் எந்தச் சாங்கியத்துக்கும் அவர்தான் உச்ச நீதிமன்றம். ஒலிபெருக்கியில் அவர் குரல் வந்தது.

"எண்ணெய் ஊத்துவீங்களா?"

"பிரஷ்ல தொட்டுத் தடவலாம் அங்கிள்," என்றாள் ஷாமளா.

"தடவறது ஊத்துறதுல சேருமா... சரி, சொர்ர்ருன்னு சத்தம் வருமா?"

"ஃபேன் மாதிரி ஒரு சத்தம்தான்."

"வாசம்?"

ஷாமளா இயந்திரத்தை மோந்து பார்த்தாள்.

"வாசம்தான் விஷயம். ஆத்மா வாசம் புடிச்சுத் திரும்பி வந்துரும்."

வந்தால் என்ன என்று பிரேமாவதிக்குத் தோன்றியது. அரை மணி நேரம் யோசித்துவிட்டுத் தலைவர் திரும்ப அழைத்தார். வீட்டுக்குள் கூடாது, கார் நிறுத்துகிற போர்ச்சில் வைத்துக்கொள்ளலாம், எண்ணெய் ஒரு சொட்டும் ஆகாது. போர்ச்சுக்கும் கூரை இருக்கிறதே என்று யாரும் கேட்கவில்லை. தீர்ப்பென்று வந்துவிட்டால் கூரை பார்க்கக் கூடாது.

பழனியாண்டியின் மோட்டார்சைக்கிளுக்குப் பக்கத்தில் மேசை போட்டு, கூடத்திலிருந்து ஒயரை இழுத்து, ஏர் ஃபிரையர் அமர்ந்தது. துக்கம் கேட்க வந்தவர்கள் அதைச் சுற்றிக்கொண்டுதான் உள்ளே போனார்கள். "எப்படிம்மா போனாரு?" என்று கேட்டு முடித்த கையோடு "இது எந்தக் கடையில வாங்குனது?" என்றும் கேட்டார்கள்.

முதல் தடவை பிரேமாவதி தப்புச் செய்தாள். வடைக்காரிதான் அந்தத் தப்பைச் செய்ய முடியும். பச்சையாய் அரைத்த மாவை வேகவைப்பது எண்ணெய்தான் என்பது அவள் கைக்குத் தெரியும். எண்ணெய் இல்லையென்றால் உள்ளே பச்சை வாடை அடிக்குமே என்று, ஊறிய கடலையைச் சுண்டலுக்குப்போல அவித்து அரைத்துவிட்டாள். மாவு களியாயிற்று. கூடையின் ஓட்டைகளில் வழிந்து, கூடையோடு ஒட்டி, சுரண்டி எடுத்தபோது ஃபலாஃபலும் இல்லை, சுண்டலும் இல்லை.

"அவிக்கக் கூடாதும்மா," என்றான் சுகுமாரன், கைப்பேசியிலிருந்து தலை தூக்காமல். அதில் அவன் விமான நேரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவளுக்குக் கண்ணாடி போடாமலே அது தெரிந்தது.

அடுத்த நாள் ஊறவைத்த கடலையை மட்டும் நீரை வடித்து, துணியில் ஒற்றி, வெங்காயம், பூண்டு, சீரகம், மல்லித்தழை, வீடியோவில் காட்டிய இலைக்குப் பதிலாகச் சந்தையில் கிடைத்த டாவுன் சூப் என்ற வாசனைத் தழை எல்லாம் போட்டுக் கொரகொரவென்று அரைத்தாள். உருட்டி, தட்டி, கூடையில் அடுக்கினாள். எண்ணெய் தடவவில்லை, தலைவர் சொல்லைத் தட்டவில்லை. இயந்திரம் உறுமி, நிதானமாய் அவளுடைய உருண்டைகளை ஆற்றுக் கூழாங்கற்களாக மாற்றிக் கொடுத்தது.

சுகுமாரன் ஒன்றைக் கடித்தான். மென்றான். வெகுநேரம் மென்றான்.

"பரவால்லம்மா."

பழனியாண்டியோடு முப்பது சொச்சம் வருடம் குடித்தனம் செய்தவளுக்கு 'பரவால்ல' என்றால் என்னவென்று தெரியாதா?

மருதம்மாளும் ஒன்றை வாயில் போட்டாள். தாடையைப் பிடித்துக்கொண்டாள். "ஐயோ, பல்லு! பிரேமா, இத போயி இந்தப் பிள்ளைக்குக் குடுக்கறியா?" அவள் நெஞ்சில் வஞ்சகம் கிடையாது, ஊரைக் கெடுப்பவர்களில் பாதிப்பேர் நெஞ்சில் அது இருப்பதில்லை. "நான் சொல்றேன்னு கோவிச்சுக்காதே. கருமாதிய முன்னாலயே வெச்சுட்டா என்னா? இப்பல்லாம் அப்படித்தான் செய்றாங்க. சட்டி வெச்சுரலாம். பிள்ளையும் வாய்க்கு ருசியா ரெண்டு தின்னுட்டு நிம்மதியா போவும்."

சுகுமாரன் நிமிர்ந்தான். வந்த நாளிலிருந்து அவன் முகத்தில் வெளிச்சம் வந்தது அப்போதுதான்.

"செய்யலாமா அத்தை? நெசமாவா?"

பரஞ்சோதிக்குப் போன் போனது. காற்றுச் சட்டிக்கு அரை மணி நேரம் யோசித்தவர், செத்த புருஷனுக்கான துக்கத்தைப் பாதியாகக் குறைக்க மூச்சு விடும் நேரம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. "தாராளமா செய்லாம்லா. ஞாயித்துக்கிழமை வெச்சுக்குங்க, ஆளுங்களுக்கும் லீவு."

பிரேமாவதி தட்டை இழுத்துவைத்துக்கொண்டாள். ஒரு கூழாங்கல்லை எடுத்துக் கடித்தாள். "இதுவே நல்லாத்தான் இருக்கு அண்ணி. எள்ளுச் சட்னியில தொட்டுக்கிட்டா மெத்துன்னு ஆயிரும். பாருங்க." இன்னொன்றை எடுத்தாள். தொண்டையில் அடைத்தது, தண்ணீர் குடித்து விழுங்கினாள். மூன்றாவதை எடுத்தபோது ஷாமளா கையைப் பிடித்தாள். "போதும் மாமி."

மற்றவர்கள் எழுந்து போனபின் மகன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பதினாறு வரைக்கும் இருய்யா."

"லீவு இல்லம்மா. வேல போயிரும்."

"மறுபடி எப்ப வருவே?"

"பாக்கலாம்மா."

ஞாயிற்றுக்கிழமை கருமாதி நடந்தது. சுகுமாரன் மொட்டை போட்டுக்கொண்டு, சொன்னதையெல்லாம் சொன்னபடி செய்தான். மத்தியானம் மருதம்மாள் சட்டியைத் தூக்கிவந்து அடுப்பில் வைத்தாள். "நீயே எண்ணெய ஊத்து பிரேமா. உன் கைதான்."

ஃபலாஃபல் மாவைப் பிசையும்போது பிரேமாவதிக்கு ஒரு நினைப்பு வந்தது. ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றிவிட்டால் போதும், எண்ணெயில் விழுந்ததும் கலைந்து கரைந்து போகும். எல்லாரும் சாமிக்குற்றம் என்பார்கள், இன்னொரு நாளுக்குத் தள்ளிவைப்பார்கள். குவளையை எடுத்தாள். கை ஊற்ற மறுத்தது. அந்தக் கை அத்தனை வருடமும் நல்லபடி செய்து செய்தே கெட்டுப்போயிருந்தது. குவளையைக் கீழே வைத்தாள்.

சொர்ர்ர் என்றது. உருண்டைகள் முங்கி, எழுந்து, பொன்னிறமாய்ச் சுழன்றன. பிட்டால் உள்ளே தழைப் பச்சை நிறம், மேலே மொறுமொறு. கூடம் முழுக்க வாசம். சுகுமாரன் நின்றபடியே தின்றான், விரலை ஊதி ஊதி.

"ம்மா! அங்ககூட இப்படிக் கெடைக்காதும்மா!"

"அப்ப ஏன்யா அங்க போற?"

கூடமே சிரித்தது. அந்த வீட்டில் சாவுக்குப் பிறகு விழுந்த முதல் சிரிப்பு. அடக்க முடியாமல் சிரித்தவன் சுகுமாரன்தான். மிச்சத்தை ஷாமளா டப்பாவில் அடைத்துக் கொடுத்தாள். சாயங்காலம் கார் பினாங்குக்குக் கிளம்பியது. துக்கத்துக்கென்று கட்டியிருந்த கூடாரத்தை அதே ஆட்கள் பிரித்துக்கொண்டு போனார்கள். இன்னொரு வீட்டில் கல்யாணமாம்.

இரண்டு நாள் கழித்து மருதம்மாள் வந்தபோது, பிரேமாவதி தாளிக்காத ரசத்தைச் சோற்றில் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"ஏன்டி, காரியந்தான் முடிஞ்சு போச்சே. ஒரு கடுகு போட்டா கொறஞ்சா போவே?"

"பதினாறு ஆவட்டும் அண்ணி."

"யாருக்காக இப்ப இது?"

பிரேமாவதி பதில் சொல்வதற்குள் கைப்பேசி அடித்தது. சுகுமாரன்.

"ம்மா, டப்பாவத் தொறந்தேன், எல்லாம் நமத்துப் போச்சும்மா. யாரும் தொடல. சூடாத்தான் சாப்புடணும் போல."

"ஆமாய்யா, சூடாத்தான் சாப்புடணும்."

"சரிம்மா, வேலைக்கு நேரமாச்சு. வெச்சுர்றேன்."

அவன் வைத்துவிட்டான். பிரேமாவதி கைப்பேசியைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, சோற்றைப் பிசைந்தாள். மருதம்மாள் பேருந்துக்கு நேரமாயிற்று என்று கிளம்பிப் போனாள்.