சூடு ஆறுவதற்குள் போட்ட எடை

தராசக்காவை வேலையிலிருந்து துரத்திவிட்டார்கள் என்று யார் சொன்னது? மாடிவீட்டுக்காரி சொன்னாள் என்றால் அவளை இங்கே வரச் சொல்லுங்கள். ஆய்வகத்துத் தானியத்தைப் பையில் போட்டுக் கடத்தினாளாம், வாசலில் பிடித்துவிட்டார்களாம். எவ்வளவு தானியம் தெரியுமா? ஒரு தட்டுக்கு ஒரு தேக்கரண்டி. அதுவும் அரைத்துப் பொடியாக்கி, சூட்டுப் பெட்டியில் காயவைத்த மாவு. அதை வீட்டுக்குக் கொண்டுபோய் என்ன செய்வாள், பல் விளக்குவாளா?

அவள் தப்பே செய்யவில்லை என்று யாரும் சொல்லவில்லை. செய்தாள். ஆனால் அது வேறு தப்பு. நடந்ததை நடந்தபடி கேட்டுவிட்டு அப்புறம் தெரு வாயைத் திறக்கட்டும்.

அந்த ஆராய்ச்சி நிலையத்தில் பத்தொன்பது வருடமாக எடை போட்டவள் அவள். மூன்றாம் மாடியில் வரிசையாக மூன்று அறைகள். முதல் அறையில் தராசும் சூட்டுப் பெட்டியும் தராசக்காவும். அடுத்த அறையில் வார்த்தை வாத்தியார். பல நாட்டு மனிதர்கள் எதை எந்தச் சொல்லால் சொல்கிறார்கள் என்று ஒலிப்பதிவு செய்து, காதில் மாட்டிக்கொண்டு நாளெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பார். கடைசி அறையில் ஒப்பந்தத்தம்மா. நாட்டுக்கு நாடு நடக்கிற வியாபாரத்துக்கு என்ன விதி வைக்கலாம் என்று எழுதுவது அவர் வேலை.

அந்த வருடம் மூன்று அறைக்கும் ஒரே கேள்வி. தானியம் எவ்வளவு காய்ந்திருந்தால் அதைக் காய்ந்த தானியம் என்று சொல்லலாம்? கேட்பதற்குச் சின்னக் கேள்விதான். ஆனால் கப்பலில் போகிற தானியத்தில் ஈரம் இருந்தால் பூஞ்சை பிடிக்கும், துறைமுகத்திலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதற்குப் பல நாடுகள் கூடிப் பொதுவாக ஒரு விதி எழுதப்போகின்றன. நூற்றில் பதின்மூன்று பங்கு ஈரம் வரைக்கும் சரி, அதற்கு மேல் போனால் கூடாது. இந்த மூன்று அறையும் சேர்ந்து எழுதும் அறிக்கையை வைத்துத்தான் அங்கே பேச்சு.

எடை போடுவதில் ஒரு முறை இருக்கிறது. மாவைத் தட்டில் வைத்து நிறுத்து, சூட்டுப் பெட்டியில் வைத்து, தண்ணீரெல்லாம் ஆவியான பிறகு மறுபடி நிறுக்க வேண்டும். குறைந்தது எவ்வளவோ அதுதான் ஈரம். ஆனால் வெளியே எடுத்ததும் நிறுக்கக் கூடாது. கனத்த கண்ணாடி ஜாடிக்குள் மூடி வைத்து, முக்கால் மணி நேரம் ஆறவிட வேண்டும். சூடான தட்டு சுற்றியிருக்கிற காற்றைக் கிளப்பிவிடும், மேலே எழும்புகிற காற்று தட்டையும் கொஞ்சம் தூக்கிப் பிடிக்கும். எடை குறைவாகக் காட்டும். குறைந்ததெல்லாம் தண்ணீர் என்று ஆகிவிடும். காய்ந்த தானியம் ஈரத் தானியமாகிவிடும். இதைப் புதிதாக வருகிற மாணவர்களுக்கெல்லாம் விரலை ஆட்டி ஆட்டிச் சொல்கிறவளே தராசக்காதான்.

அவளே செய்தாள்.

மாமியாருக்கு முழங்கால் வலி. மாலை நேரத்தில் பயிற்சி கொடுக்கச் சொன்னார்கள். ஆறு வாரம் தினமும் கணவர் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் ஐந்தரைக்குத் திரும்புவார். நாலு பத்து பேருந்தைப் பிடித்தால் தராசக்கா நாலரைக்கு வீட்டில் இருக்கலாம். ஒரு மணி நேரம் வீட்டில் யாரும் இல்லை. கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் அப்படி ஒரு நேரம் அவளுக்குக் கிடைத்ததே இல்லை. ஒரு டம்ளர் தேநீரை வைத்துக்கொண்டு, காலை நாற்காலியில் தூக்கிப் போட்டு, சும்மா உட்கார்ந்திருப்பாள். அவ்வளவுதான். அந்தச் சுகத்துக்காக ஜாடியை முக்கால் மணிக்குப் பதிலாகக் கால் மணியில் திறந்தாள். முதல் நாள் அறைக் கதவைச் சாத்திவிட்டுத் திறந்தாள். மூன்றாம் நாள் சாத்தவில்லை.

அந்த ஆறு வாரமும் பெட்டிக்குள் போனது ஒரே நாட்டுத் தானியம். தூரத்து மேட்டுநிலத்து விவசாயிகள் அனுப்பியது. ஒவ்வொரு பொட்டலத்தோடும் அனுப்பியவர் குரலும் ஒலிப்பதிவில் வந்தது. அவர்கள் தானியத்தைக் கடித்துப் பார்த்துச் சொல்கிறவர்கள். தானியம் எவ்வளவு காய்ந்திருக்கிறது என்று சொல்ல அவர்கள் பேச்சில் ஐந்து சொற்கள். கடைசிச் சொல்லுக்கு, பல்லில் பட்டதும் படீரென்று உடைவது என்று பொருள். எல்லாப் பொட்டலத்துக்கும் அந்தக் கடைசிச் சொல்லைத்தான் சொல்லியிருந்தார்கள். தராசோ பதின்மூன்றரை, பதின்மூன்றேகால் என்றது.

வார்த்தை வாத்தியார் தராசறைக்கு வந்து நின்றார்.

"தங்கச்சி, இந்த ஆளுங்க பொய் சொல்ற மாதிரி இல்லம்மா. குரலைக் கேட்டா தெரியுது. எதுக்கும் இன்னொரு தடவை நிறுத்துப் பார்க்கலாமா?"

அந்தக் கணமே சொல்லியிருக்கலாம். அவள் சொன்னது வேறு.

"ஆளுங்க என்ன வேணா சொல்லுவாங்க சார். தராசு பொய் சொல்லுமா?"

"அதுவும் சரிதான்" என்று அவர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனார். அன்றைக்கும் நாலு பத்துக்குத்தான் கிளம்பினாள். அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

பிறகு ஒரு நாள் எடைத் தாள்களைக் கொடுக்க ஒப்பந்தத்தம்மா அறைக்குப் போனபோது, அவர் அறிக்கையைத் தட்டச்சுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். மேட்டுநிலத்து விவசாயிகளின் வாய்மொழி நம்பத்தக்கதல்ல. அவர்களின் தானியத்தை விதிவிலக்கின்றிச் சோதிக்க வேண்டும். வாத்தியார் சுவரோரமாக நின்றிருந்தார்.

"மேடம், அந்த வரி மட்டும் வேண்டாமே. ஒரு ஜனத்தையே பொய்யன்னு அச்சடிக்கிறோம்."

"உங்க ஒலிப்பதிவை வச்சுக்கிட்டு நான் கப்பல் விட முடியுமா சார்? எண் இருக்கு. உங்க அத்தியாயத்தை எடுத்துடலாம்னு இருக்கேன். தப்பா நினைக்காதீங்க."

தராசக்கா தாளை மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டாள். பேருந்தில் உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே வந்தாள்.

வீட்டில் எல்லாவற்றையும் கொட்டினாள். கணவர் சிரித்தார்.

"அடிப்பாவி, அரைப் பங்குக்காடி இப்படி அழுற? நம்ம வீட்டு பால்காரன் ஊத்தற தண்ணிய எவன் எடை போட்டான்?"

"அந்த அரைப் பங்குலதாங்க அவங்க பொய்யனா ஆயிட்டாங்க."

மாமியார் முழங்காலைத் தடவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். "ஏன்டி, ஒரு மணி நேரம் சும்மா உட்காரணும்னா என்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதா? நான் எதிர்வீட்டுல போய் வம்பு பேசிட்டு வந்திருப்பேன்ல?"

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். இதைக் கேட்டுத்தான் உடைந்து போனாள்.

மறுநாள் காலை நிலைய இயக்குநர் முன்னால் போய் நின்று, கால் மணி, முக்கால் மணி, ஆறு வாரம் என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். ஒப்பந்தத்தம்மாவும் இருந்தார்.

"மிச்சத் தானியம் இருக்கா?" என்றார் இயக்குநர்.

"இருக்கு சார். மூடி முத்திரை போட்ட புட்டியில பத்திரமா இருக்கு."

"போய் மறுபடி நிறு. மேடம் பக்கத்துல உட்கார்ந்து பார்ப்பாங்க."

மூன்று வாரம் நிறுத்தாள். முக்கால் மணி என்பதை ஒரு மணியாக ஆறவிட்டாள். பன்னிரண்டேமுக்கால், பன்னிரண்டரை, பன்னிரண்டேமுக்கால். ஒரு பொட்டலம்கூடப் பதின்மூன்றைத் தாண்டவில்லை. கடித்துப் பார்த்தவர்கள் சொன்னது அத்தனையும் நிஜம். ஒப்பந்தத்தம்மா தன் கையாலேயே அந்த வரியை அடித்தார், வாத்தியாரின் அத்தியாயத்தைத் திரும்பச் சேர்த்தார். அவர் நல்ல மனுஷிதான். எண்ணை நம்பினார், எண்ணைக் கொடுத்தவள் இவள்.

வாத்தியார் ஓடிவந்தார். "தங்கச்சி, நீங்க மட்டும் இல்லேன்னா..."

"நான் இல்லேன்னா இந்தத் தப்பே வந்திருக்காது சார். தயவுசெஞ்சு நன்றி சொல்லாதீங்க."

இதோடு முடிந்திருக்கும். ஆனால் எடை ஏன் மாறியது என்று அறிக்கையோடு ஒரு விளக்கக் கடிதம் வைக்க வேண்டியிருந்தது. இயக்குநர் எழுதிக் கொண்டுவந்தார்: தராசில் ஏற்பட்ட கோளாறு சரிசெய்யப்பட்டது.

"இது வேணாம் சார். தராசு நல்லாத்தான் இருக்கு. அது மேல பழி போட்டா, இதே தராசுல நிறுத்த மத்த நாட்டுக்காரங்க எண்ணும் சந்தேகமாயிடும். நான் செஞ்சேன்னு எழுதுங்க."

மனிதர் பொறுமைசாலி. அடித்துவிட்டு வேறு எழுதினார்: எடையாளர் ஆறு வாரம் மட்டும் ஆறாத தட்டுகளை நிறுத்தார், வேறு எந்த நாளிலும் இப்படி நடக்கவில்லை. பேனாவை நீட்டினார்.

"கையெழுத்துப் போடு. விஷயம் முடிஞ்சுது, நாளையிலேர்ந்து உன் வேலையப் பாரு."

பேனாவை வாங்கினாள். தாளைப் பார்த்தாள். பத்தொன்பது வருடம். கைக்குழந்தைக்குக் காய்ச்சல் வந்த நாட்கள். தெருவில் தண்ணீர் வராத நாட்கள். மழை கொட்டப்போகிறது என்று அவசரமாகக் கிளம்பிய சாயங்காலங்கள். அன்றைக்கெல்லாம் ஜாடிக்குள் தட்டு எத்தனை நிமிடம் இருந்தது? யோசித்து யோசித்துப் பார்த்தாள். ஆறியிருந்தது என்று சத்தியம் பண்ண முடியவில்லை. ஆறவில்லை என்றும் சொல்ல முடியவில்லை.

"இந்த ரெண்டாவது பாதிக்கு என்னால கையெழுத்துப் போட முடியாது சார்."

"வேற நாள்லயும் செஞ்சியா?"

"தெரியலை சார்."

"தெரியலைன்னா?"

"தெரியலைன்னுதான் எழுதணும் சார்."

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "அப்படி எழுதினா, நீ போட்ட பழைய எடை அத்தனையும் தேடி எடுத்துப் பார்க்கணும். உன்னை வச்சுக்கிட்டு இங்க இனிமே எடை போட முடியாதும்மா. புரியுதா? ஒரு வார்த்தை. 'நடக்கவில்லை'ன்னு ஒத்துக்கோ, போதும். யார் வந்து கேட்கப்போறாங்க?"

"அந்த விவசாயிங்க ஒரு வார்த்தை நிஜமாச் சொன்னாங்க. அதை நான் பொய்யாக்கினேன். இப்ப நானே ஒரு வார்த்தை பொய் சொல்லிட்டு இந்த நாற்காலியில உட்காரச் சொல்றீங்களா சார்?"

இயக்குநர் அந்த இரண்டாவது பாதியை அடித்துவிட்டு, மற்ற நாட்களைப் பற்றி எடையாளருக்கு நிச்சயமில்லை என்று எழுதினார். அவள் கையெழுத்துப் போட்டாள். யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை, அவளாகத்தான் வேலையை விட்டுப் போனாள், நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். தராசறைக்குப் போனாள். சூட்டுப் பெட்டியை அணைத்தாள். எந்தெந்த வருடத்து எடைப் புத்தகம் எந்த அலமாரியில் இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி, தேடப்போகிறவர்கள் கண்ணில் படும்படி கதவில் ஒட்டினாள்.

நடைவழியில் இரண்டு மாணவர்கள் எதிரே வந்தார்கள். எப்போதும்போல, "வணக்கம்கா" என்று வழிவிட்டு நின்றார்கள். அவளால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. மூன்று மாடியையும் படியில் இறங்கி, வாசலைத் தாண்டிப் போனாள்.