எந்த சேகர்?

சேகர் காலைல தவறிட்டானாம். ஹார்ட் அட்டாக்காம். ஆபீஸ் குரூப்ல எவனோ போட்டிருக்கான்.

நான் நம்பல.

"நம்ம செஞ்சி சேகர்"னு போட்டிருக்குது. எந்த செஞ்சி சேகர்? சிங்கவரத்துல ஒருத்தன், தொண்டூர்ல ஒருத்தன், ரெண்டு பேருமே எங்க ஆபீஸ்தான். மெட்ராஸ்காரனுங்களுக்கு திண்டிவனம் தாண்டினாலே எல்லாம் செஞ்சி. போட்டவன் விசாரிச்சானா, இல்ல எவனோ அனுப்பினத அப்படியே தள்ளிவிட்டானா? கேட்டேன். அழுவுற எமோஜியா வந்து கொட்டுது.

சிங்கவரத்தான்தான் என் சேகர். ஒண்ணா வேலைக்குச் சேந்தோம். சந்தேகப் பிராணி. அவனா இருந்தா இந்த மெசேஜையே ரிஜெக்ட் பண்ணியிருப்பான்...

எங்க வேலை விர்ச்சுவல் மெஷின். ஒரு நெஜ கம்ப்யூட்டருக்குள்ள பல பொய் கம்ப்யூட்டர். ஒவ்வொண்ணுக்கும் மெமரி எந்த அட்ரஸ்ல ஆரம்பிக்குது, எவ்ளோ நீளம்னு கான்ஃபிக் ஃபைல்ல எழுதணும். ஒருவாட்டி ரெண்டு மெமரி ஒண்ணுமேல ஒண்ணு விழற மாதிரி அட்ரஸ் குடுத்துட்டேன். மெஷின் வாயத் தொறக்காம ஏத்துக்கிச்சு. அப்புறம் கஸ்டமர்கிட்ட போய் படுத்துடுச்சு.

சேகர் ஸ்க்ரீனப் பாத்துட்டு, "பஸ்ல நீ ஜன்னல் வழியா துண்டு போட்டுட்ட. இன்னொருத்தன் ஏறி ஒக்காந்துட்டான். ரெண்டு பேரும் என் சீட்டுன்றீங்க. கண்டக்டர் இன்னா பண்ணுவான்?"னான்.

அன்னைக்கே அத சரிபாக்க ஒரு ப்ரோக்ராம் எழுதினான். ஆரம்பத்தோட நீளத்தக் கூட்டி எங்க முடியுதுன்னு பாக்கும். பக்கத்து மெமரி மேல இடிச்சா மெஷினையே கெளம்ப விடாது.

இருந்த ஃபைலயெல்லாம் அதுல போட்டுப் பாத்தோம், எல்லாம் பாஸ் ஆச்சு. "பாஸ் ஆவுதுன்னாதான்டா எனக்கு டவுட்டா இருக்குது"ன்னு வேணும்னே தப்பா ஒரு அட்ரஸ் குடுத்து, அது திட்டினப்புறம்தான் டீ குடிக்க வந்தான். டீயையும் மோந்து பாத்துட்டுத்தான் குடிப்பான், லூசு.

இன்னைக்கு அவன் நம்பருக்குப் போட்டேன். ஸ்விட்ச் ஆஃப். சார்ஜ் போட்டிருக்க மாட்டான்னு நெனச்சிக்கினேன்.

அப்புறம் தொண்டூர் சேகருக்குப் போட்டேன். ரிங் போவுது... எடுக்கக்கூடாது, எடுக்கக்கூடாதுன்னு வேண்டிக்கினேன். அவனுக்கும் பொண்ணுங்க இருக்குது. இருந்தும் வேண்டிக்கினேன்.

எடுத்துட்டான்.

"இன்னாண்ணா, சிங்கவரத்துக்கு நீ இன்னும் கெளம்பலையா?"

போய்ட்டு வாடா சேகர். பக்கத்துல யாருன்னு பாத்து ஒக்காரு.