இலக்கம் சுரண்டிய வள்ளம்

இதை எழுத எனக்குத் தகுதி இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். நாலு பேர் நிற்கிற இடத்தில் யாராவது என் பெயரைக் கேட்டாலே அடுத்தவரின் முதுகுக்குப் பின்னால் போய்விடுவேன். எழுதுவது படித்தவர்களின் வேலை, அவர்கள் செய்யட்டும் என்றுதான் இவ்வளவு காலமும் இருந்தேன். ஆனால் எங்கள் கரையைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும், அந்தக் கஷ்ட காலத்தில் அங்கே சனங்கள் ஒருவருக்காக ஒருவர் உயிரைக் கொடுத்தார்கள் என்று எழுதுகிறார்கள். கொடுத்தவர்கள் இருந்திருக்கலாம். எனக்கு வாய்த்தவர்கள் ஒரு கையெழுத்தைக்கூட ஒழுங்காகக் கொடுக்கவில்லை. அதையும் ஒருவர் எழுதிவைக்க வேண்டும் என்று நினைத்தேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

யுத்தத்தால் யாழ்ப்பாணத்துச் சனம் கிளாலிக் கடலைக் கடந்து வன்னிக்குள் வந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. என் கணவர் அப்போது கரைவலைக்குக் கயிறு இழுக்கிற கூலியாள். நான் முல்லைத்தீவுக் கடற்கரையில் பிறந்தவள். அவர் வயல் பக்கத்து ஆள், என்னைக் கட்டியதால் கரைக்கு வந்தவர். எத்தனை வருடம் கயிறு இழுத்தாலும் கரையில் அவருக்கு 'வயல்காரன்' என்றுதான் பெயர். மீன் பங்கு பிரிக்கும்போது கடைசியாகத்தான் கூப்பிடுவார்கள். கடைசியாகக் கூப்பிடப்படுகிறவனுக்கு நசிந்த மீன்தான் கிடைக்கும்.

சொந்தமாக ஒரு வள்ளம் இருந்தால் இந்தக் கயிற்றை விடலாம் என்பது அவருடைய ஒரே எண்ணம். அந்த வருடம் அதற்கு ஒரு வழி வந்தது. யாழ்ப்பாணத்துக் கரையோர ஊர் ஒன்றிலிருந்து இடம்பெயர்ந்த ஒருவர், தன் பிளாஸ்டிக் வள்ளத்தை எஞ்சினோடு உழவு மெசினில் ஏற்றிக் கொண்டுவந்து, எங்கள் துறைக்கு வெளியே வைத்திருந்தார். குடும்பம் துணுக்காய்ப் பக்கத்தில் கொட்டில் போட்டு இருந்தது. கடலில்லாத இடத்தில் இருந்துகொண்டு வள்ளத்தை வைத்து என்ன செய்வது என்று அவர் விற்க வந்தார். எங்களிடம் இருந்த இரண்டு மாட்டையும் விற்று வாங்கினோம். வெற்றிலையில் காசை வைத்துக் கொடுத்தோம். அவர் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, வள்ளத்தின் பதிவு அட்டையைத் தந்துவிட்டுப் போனார். எங்கள் பக்கத்தில் வியாபாரம் என்றால் அவ்வளவுதான். வேறு கடிதம் வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

எங்கள் கரையில் ஒரு வழக்கம் இருந்தது. வெளி மாவட்டத்து இலக்கம் போட்ட வள்ளம் ஒதுங்கினால் ஓரிரவு தங்கலாம், காற்று மோசம் என்றால் இன்னும் ஓரிரவு. அதற்குமேல் எங்கள் துறையில் இழுத்து வைக்கக்கூடாது. வள்ளம் வாங்கிய அன்று பின்னேரமே, போகிறவன் வருகிறவன் எல்லாம் முன் அணியத்தில் எழுதியிருந்த யாழ்ப்பாணத்து இலக்கத்தைப் பார்த்து, "எப்ப வெளிக்கிடுறியள்?" என்று என் கணவரைக் கேட்டுவிட்டுப் போனார்கள்.

அடுத்த நாள் நான் சந்தைக்குப் போய் வர, அவர் ஒரு போத்தல் கண்ணாடித் துண்டால் அந்த இலக்கத்தைச் சுரண்டி எடுத்திருந்தார். கையெல்லாம் இரத்தம். முகமெல்லாம் சிரிப்பு.

"அட்டையில இருக்கிற இலக்கம் வள்ளத்திலயும் இருக்க வேணுமெல்லோ?" என்றேன்.

"அட்டையில இருக்குத்தானே. என்னத்துக்கு ரெண்டு இடத்தில?"

இலக்கத்துக்குப் பக்கத்தில் அந்தோனியார் படம் ஒன்று வரைந்திருந்தது. அதை அவர் தொடவில்லை. நாங்கள் சைவம்தான். ஆனாலும் கடலுக்குப் போகிற ஒருவன் அந்தோனியாரோடு கொழுவிப் பகை தேட மாட்டான்.

மீனவர் சங்கத்துக் காரியதரிசி மற்றநாள் குடையோடு வந்தார். வள்ளத்தைச் சுற்றி நடந்தார். சுரண்டிய இடத்தை விரலால் தடவினார்.

"இது ஆரின்ர வள்ளம்?"

"எங்கட," என்றார் என் கணவர்.

"எங்கட எண்டு எங்க எழுதியிருக்கு?"

பின்னால் வந்தவர்கள் சிரித்தார்கள். காரியதரிசிக்கு அது போதவில்லை. "வயல்காரர் மாட்டுக்குக் குறி சுடுகிறவை எண்டு கேள்விப்பட்டிருக்கிறன். இவர் வள்ளத்துக்கு இருந்த குறியை அழிச்சிருக்கிறார்," என்றார். கரை முழுக்கச் சிரித்தது. அன்றைக்குச் சிரித்த ஒவ்வொரு முகமும் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

சங்கம் சீல் அடித்துப் பதிந்தால்தான் எஞ்சினுக்கு மண்ணெண்ணெய் கிடைக்கும். துறையில் இடமும் கிடைக்கும். பதிய வேண்டும் என்றால், இன்ன இலக்கமுள்ள வள்ளத்தை இவருக்குத்தான் விற்றேன் என்று விற்றவர் எழுதிக் கையெழுத்து வைத்த கடிதம் வேண்டும் என்று காரியதரிசி சொன்னார். "இல்லாட்டிக் களவெடுத்த வள்ளம் எண்டுதான் நான் எழுத வேணும்," என்றும் சொன்னார். துறையில் மிஞ்சியிருந்த ஒரே இடத்தில் அவருடைய மருமகன் கண் வைத்திருந்தது எல்லோருக்கும் தெரியும். அதைச் சொல்லத்தான் ஆளில்லை. வாடைக்காற்று தொடங்கினால் கடல் மூடிவிடும். அதற்குள் பிடிப்பதுதான் மாரிக்குச் சோறு. வள்ளம் பதியாவிட்டால் மாடும் இல்லை, கடலும் இல்லை, திரும்பவும் அந்தக் கயிறுதான்.

அதோடு இன்னொரு கதையும் வந்தது. விற்றவருக்கு வன்னியை விட்டு, ஆமியின் கட்டுப்பாட்டில் இருந்த வவுனியாவுக்குப் போகப் பாஸ் கிடைத்துவிட்டதாம், வெளிக்கிடப் போகிறாராம்.

விடியவே சைக்கிளில் வெளிக்கிட்டோம். அவர் மிதிக்க நான் கரியரில் இருந்தேன். ஒட்டுசுட்டான் தாண்டி, மாங்குளம் தாண்டி, துணுக்காய் போய்ச் சேர வெயில் சாய்ந்துவிட்டது. என் கணவர் வாய் திறந்தால் சண்டையில்தான் முடியும் என்பதால் அவரை ஒழுங்கை முகப்பிலேயே நிற்க வைத்துவிட்டு நான் உள்ளே போனேன். கதைக்கத் தெரியாதவள் போவது நல்லதா, சண்டை பிடிக்கிறவர் போவது நல்லதா என்று வழியெல்லாம் யோசித்துத்தான் இந்த முடிவுக்கு வந்தோம்.

விற்றவரின் மனைவி சட்டி பானைகளைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தா. என்னைக் கண்டதும், "வள்ளத்தில ஓட்டை எண்டு சொல்லிக்கொண்டு ஒருத்தி வந்திருக்கிறாள், காசைத் திருப்பிக் குடாதேங்கோ!" என்று உள்ளே பார்த்துக் கத்தினா.

"ஓட்டை இல்லை அக்கா. ஒரு கடிதம் மட்டும்தான்."

விற்றவர் சேட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டே வெளியில் வந்தார். "அட்டை தந்தனான்தானே. பிறகென்ன கடிதம்?"

நான் நடந்ததைச் சொன்னேன். சுரண்டின இடம் வந்ததும் அவர் அப்படியே நின்றார்.

"ஆர் சுரண்டினது?"

"இவர்தான்."

"அந்தோனியாரையுமோ?"

"அவரைத் தொடேல்லை அண்ணை."

"அந்தோனியாரை விட்டிட்டு இலக்கத்தைச் சுரண்டின ஒரு ஆள் இந்த உலகத்தில இருக்கிறான் எண்டு இண்டைக்குத்தான் கேள்விப்படுறன்," என்றார். சிரிக்கிறார் என்று நினைத்து நிமிர்ந்து பார்த்தேன். அவர் சேட்டுப் பொத்தானைப் பிழையான ஓட்டையில் போட்டுக்கொண்டிருந்தார்.

"இஞ்ச பார் பிள்ளை. இன்னும் ரெண்டு நாளில நான் வவுனியாவில ஆமிக்கு முன்னால போய் நிக்கப்போறன். முல்லைத்தீவுக் கரையில வள்ளம் வித்தனான் எண்டு என்ர கையால எழுதித் தரச் சொல்லுறாய். அதுவும் இலக்கம் அழிச்ச வள்ளம். இலக்கம் அழிச்ச வள்ளம் என்னத்துக்கு ஓடுறது எண்டு அவங்கள் நினைப்பாங்கள்? மீன் பிடிக்கவோ?"

"கடிதம் எங்கட சங்கத்திலதான் இருக்கும் அண்ணை."

"நாளைக்கு உங்கட கரையையும் ஆமி பிடிச்சா? சங்கக் கடிதமெல்லாம் ஆரின்ர கையில போகும்? ஏலாது. போ."

நான் போகவில்லை. துணிவால் இல்லை. கூச்சம் உள்ளவர்களுக்கு ஓரிடத்தில் போய் இருப்பதும் கஷ்டம், இருந்தால் எழும்புவதும் கஷ்டம். முற்றத்துப் பாலை மரத்தடியில் இருந்துவிட்டேன்.

"இருக்கிறாளே! இஞ்ச தேத்தண்ணியும் இல்லை, தண்ணியும் இல்லை," என்றா மனைவி. நான் கேட்கவில்லை. அவவின் பிள்ளைகள் என் முன்னாலேயே வாளியில் மொண்டு குடித்தார்கள். காலையிலிருந்து எனக்கு ஒரு சொட்டு உள்ளே போகவில்லை. பொறுமை கெட்ட என் கணவர் ஒழுங்கையில் நின்று சைக்கிள் மணியை அடிக்கத் தொடங்கினார்.

"அதாரடி மணி அடிக்கிறது? பூசையோ?" என்றா அவ.

"இவர்."

"சுரண்டின ஆளோ? படலைக்குள்ள காலை வைச்சா வெந்நி ஊத்துவன் எண்டு சொல்லு."

இருட்டப் போகிற நேரம் விற்றவர் ஒரு கொப்பித் தாளோடு வந்தார். முழங்காலில் வைத்து எழுதினார். இன்ன இலக்கமுள்ள என் வள்ளத்தை இடம்பெயர்வில் முல்லைத்தீவுக் கரையில் விட்டுவிட்டு வந்தேன், அதில் எனக்கு இப்போது உரிமை எதுவும் இல்லை என்று எழுதிக் கையெழுத்து வைத்தார்.

"வித்ததெண்டு இல்லையே அண்ணை."

"வித்தனான் எண்டா ஆருக்கு வித்தாய், என்னத்துக்கு வித்தாய் எண்டு கேப்பாங்கள். விட்டிட்டு வந்தனான் எண்டா ஒரு கேள்வியும் இல்லை. எல்லாரும்தான் எல்லாத்தையும் விட்டிட்டு வந்தவை."

"ஆளில்லாத வள்ளம் எங்கட கரையில சங்கத்துக்குத்தான் சேரும். இதைக் காட்டினா அவை எடுத்திடுவினம்."

"அது உன்ர கரைப் பிரச்சினை. இது வேணுமெண்டா எடு. வேண்டாமெண்டா அடுப்பு எரியுது."

அந்த மனிதர் பயந்தவர் என்பது எனக்கு விளங்காமலில்லை. ஆனால் எங்கள் மாட்டுக் காசை வாங்கிக் கண்ணில் ஒற்றும்போது பயப்படாதவர், வாங்கினேன் என்று சொல்லத்தான் பயந்தார். கடிதத்தை எடுத்துக்கொண்டு வந்தேன்.

"கையெழுத்து இருக்கோ?" என்று ஒழுங்கையில் நின்ற என் கணவர் கேட்டார்.

"இருக்கு. ஆனா இதைக் குடுத்தா வள்ளம் போயிடும்."

"கையெழுத்து இருக்குத்தானே. பிறகென்ன?"

வந்து சேரும் வரைக்கும் அவர் அதையே சொன்னார், நானும் இதையே சொன்னேன்.

சங்கக் கொட்டிலுக்கு அவரைத் தனியே விடாமல் நானும் கூடப் போனேன். கொடுக்காமலே கதைத்துப் பார்க்கலாம் என்று கடிதத்தை முதலில் நான்தான் வைத்திருந்தேன். காரியதரிசி கையை நீட்ட, என் கணவர் என்னிடமிருந்து பறித்துக் கொடுத்துவிட்டார். காரியதரிசி வாசித்தார். ஒருதரம் வாசித்து, கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொருதரம் வாசித்தார். பிறகு, "ஏன் பிள்ளை நிக்கிறாய், அந்தக் கதிரையில இரன்," என்றார். எங்கள் கரையில் நாங்கள் அத்தனை காலம் இருந்தும் அவர் எனக்குக் கதிரை காட்டியது அன்றைக்குத்தான். நான் இருக்கவில்லை.

"உடையவன் விட்டிட்டுப் போன வள்ளம். அவரே எழுதித் தந்திருக்கிறார். சங்கம் பாரமெடுக்குது," என்றார். வாசலில் நின்ற மருமகன் தலையைக் குனிந்துகொண்டு நிலத்தைப் பார்த்தான். சிரிப்பை மறைக்கத்தான். "கூலிக்கு வேணுமெண்டா தம்பியும் அந்த வள்ளத்தில போகலாம். நாங்கள் தடுக்கமாட்டம்," என்றார் காரியதரிசி, என் கணவரைப் பார்த்து.

என் கணவர் மேசையைத் தூக்கப் போனார். இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். "வயலுக்குப் போடா!" என்று ஒருவன் கத்தினான். அந்த அமளிக்குள் கடிதம் மேசையில் தனியாகக் கிடந்தது. நான் எடுத்து மடித்து, சட்டைக்குள் வைத்துக்கொண்டேன்.

பிடித்திருந்தவர்கள் என் கணவரை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

"பிள்ளை, அதை எடு வெளியில," என்றார் காரியதரிசி.

"எடுக்கிறதெண்டா நீங்கள் எடுங்கோ அண்ணை," என்றேன்.

அந்தச் சொல் என் வாயிலிருந்துதான் வந்தது என்பதை இன்றைக்கும் நான் நம்புவதில்லை. கொட்டில் நிறைய ஆம்பிளைகள். ஒருவர் கூரையைப் பார்த்தார், ஒருவர் கடலைப் பார்த்தார். மருமகன் வாசலை விட்டு விலகி எனக்கு வழி விட்டான்.

"உன்ர மனிசிட்டச் சொல்லு தம்பி!"

"நான் சொன்னாக் கேக்கிறவளோ?" என்றார் என் கணவர். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அவர் சொன்ன முதல் உருப்படியான கதை அது.

காரியதரிசியின் முகம் பழையபடி ஆனது. "கடிதம் இல்லாட்டிச் சீலும் இல்லை, மண்ணெண்ணெயும் இல்லை. இருட்ட முதல் வள்ளம் துறையை விட்டுப் போக வேணும். அந்த வள்ளத்து மீனைச் சங்கம் நிறுக்காது. ஒருத்தரும் வாங்கக்கூடாது எண்டும் சொல்லுவன்."

"கடிதம் இல்லாட்டி வள்ளம் சங்கத்தினதும் இல்லை," என்றேன். குரல் கீச்சென்று வந்தது. யாரோ அதைப் போலவே கீச்சிட்டுக் காட்டினார்கள். நான் திரும்பிப் பார்க்காமல் வெளியே வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அந்தக் கடிதத்தை அடுப்பில் போட்டு, அதில் தேத்தண்ணீர் வைத்தேன். அவரும் என் தம்பியுமாக வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு போய், துறை எல்லைக்கு வெளியே தாழம்பற்றைப் பக்கம் ஏற்றி வைத்தார்கள். உதவிக்குக் கூப்பிட்டும் ஒருவரும் வரவில்லை. வழக்கமாக வள்ளம் தள்ள ஒருவரையும் கூப்பிடத் தேவையில்லை.

அடுத்த நாள் இருவரும் எஞ்சினுக்கு மண்ணெண்ணெய் இல்லாமல், துடுப்புப் போட்டுக் கடலுக்குப் போனார்கள். வலையில் கொஞ்சம் சூடை மீனும் இரண்டு பாரை மீனும் பட்டன. சங்கத்தில் நிறுக்கவில்லை. நான் பனை ஓலைக் கடகத்தில் வைத்து வற்றாப்பளை றோட்டுக்குக் கொண்டுபோய் விற்கப் பார்த்தேன். அது அம்மன் கோயில் வைகாசிப் பொங்கல் கிழமை, அங்கே சனம் மீன் மச்சம் சாப்பிடாது. பாரை இரண்டும் மட்டும் எப்படியோ விலைபோயின. சூடையைக் கருவாடு போட்டேன்.