கண்மாய்க்கரை வழியே ஒரு வயர்

எங்கள் பக்கம் இப்போது டிஜே இல்லாமல் ஒரு பிள்ளைக்குக் காது குத்த முடியாது. சாயல்குடியிலிருந்து வேன் நிறையப் பெட்டிகள் வந்து இறங்குகின்றன. குத்துவதற்கு முன்பே பிள்ளைக்குக் காது போய்விடுகிறது. வேன்காரப் பையன்கள் வயரை முழங்கையில் சுற்றுவதைப் பார்த்தால் எனக்கு வாய் நமநமவென்றிருக்கும். ஒரு தடவை சொல்லியும் பார்த்தேன். கண்ணாடி போட்ட ஒரு நடுவயதுப் பொம்பளை ஸ்பீக்கர் வயரைப் பற்றிப் பேசினால், குடிக்கத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்கிறார்கள்.

எனக்கு வயர்ப் பாடம் எடுத்தவர் சித்தப்பா. அவர் மைக்செட் வைத்திருந்தார். எங்கள் வீட்டில் என்னைவிட வயர்களுக்கு மரியாதை அதிகம். உப்புக் காற்றில் செம்பு பச்சை பூத்துவிடும் என்று ஒவ்வொரு நுனியையும் சுரண்டிப் பளபளப்பாக்கி டேப் ஒட்டி வைப்பார். முழங்கையில் சுற்றினால் வயர் உள்ளுக்குள் முறுக்கிக்கொள்ளும். தரையில் போட்டு, அது எந்தப் பக்கம் வளைய ஆசைப்படுகிறதோ அந்தப் பக்கமே விட்டு, வளையம் வளையமாக அடுக்க வேண்டும். கரண்டு வயரோடு சேர்த்துக் கட்டினால் குழாய் ஸ்பீக்கரில் இரைச்சல் வரும். பக்கத்துக்கு மெல்லிசு, தூரத்துக்குத் தடிச்சது. மெல்லிசு வயரில் தூரம் போனால் பாதிச் சத்தம் வழியிலேயே செத்துப்போகும். பள்ளிக்கூடம் சொல்லித்தந்த எதுவும் என் மண்டையில் இவ்வளவு சுத்தமாக ஏறியதில்லை.

தடிச்ச வயர் எங்களிடம் ஒரே ஒரு சுருள்தான் இருந்தது. மாரியூர்த் திருவிழாவில் கடற்கரை வரைக்கும் பாட்டுக் கேட்க வேண்டும் என்பதற்காக வாங்கியது. அதைத் தூக்கச் சித்தப்பாவே மூச்சுப் பிடிப்பார்.

நான் சின்னப் பிள்ளையாக இருந்த ஒரு வருஷம், எங்கள் ஊர் அம்மன் கோயில் முளைக்கொட்டுத் திருவிழாவில், வகுப்பில் முதலாவதாக வந்த பிள்ளைகளுக்குப் பரிசு கொடுப்பதென்று ஊரில் முடிவு செய்தார்கள். எனக்குப் பரிசு கிடைக்கும் ஆபத்து ஏதும் இல்லை. எனக்கு மேல் வகுப்பில் முதலாவதாக வந்தது கண்மாய்க்கு அந்தப் பக்கத் தெருவில் இருந்த ஒரு பெண். மார்க்கைப் பார்ப்பதற்கு முன்பே வாக்குக் கொடுத்துவிட்டார்கள், பாவம். மறுபடியும் கூடிப் பேசினார்கள். அவள் பெயரை மைக்கில் வாசித்துவிடுவது, பரிசை மறுநாள் வாத்தியார் பள்ளிக்கூடத்தில் வைத்துக் கொடுத்துவிடுவது என்று ஆயிற்று. அந்தத் தெருக்காரர்கள் கோயில் திடலுக்கு வருவதில்லை. அது அவர்களுடைய கூச்சம் என்று நான் நினைத்திருந்தேன்.

திருவிழா அன்று காலையில் அந்தப் பெண்ணின் அப்பா எங்கள் வீட்டுக்கு வந்தார். வீட்டில் அவரை 'அவன்' என்றுதான் சொல்வோம். இங்கே 'அவர்' என்று எழுதுவது நான் பிற்பாடு படித்த படிப்பு. மீசை நரைத்த ஆள். தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, வாசல் வேலிக்கு வெளியிலேயே நின்றார்.

"அய்யா, ஒரு கொழாயை மட்டும் கம்மாக்கரையில எங்க தெருவப் பாத்துக் கட்டுனீங்கன்னா, புள்ள பேரு வாசிக்கிறத வீட்டுல கேட்டுக்கிருவாக."

சித்தப்பா வயரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எட்டாதுப்பா."

"கரை வரைக்கும் வந்தாப் போதும்ங்க. அங்கனருந்து காத்து கொண்டாந்துரும்."

"அம்புட்டுத் தூரம் இழுத்தா சத்தம் செத்துப்போகும். நீ வெவரமான ஆளு, ஒனக்குத் தெரியாதா?"

பாடம் கேட்டவளுக்குப் பதில் தெரிந்த கேள்வி கிடைத்துவிட்டது. "சித்தப்பா, அந்தத் தடிச்ச வயரு இருக்குல்ல?" என்றேன்.

"அது ரிப்பேரு."

"நேத்துத்தான பேட்டரிக்கட்டை வச்சுத் தொட்டுப் பாத்தோம். குழாயில டொக்குன்னு கேட்டுச்சே."

சித்தப்பா என்னைப் பார்த்தார். அடி விழும் என்று எனக்குத் தெரிந்தது, எதற்கு என்றுதான் தெரியவில்லை. அதற்குள் வேலிக்கு வெளியே நின்றவர் சிரித்தார். "சின்னப் புள்ளைங்க அது. வேற வயரப் பாத்திருக்கும்" என்றார். சித்தப்பாவை என்னிடமிருந்து அவர்தான் காப்பாற்றினார்.

மத்தியானம் தடிச்ச வயர் வெளியே வந்தது. ஊர்த் தலைவரின் மருமகன் காலில் கட்டுப் போட்டுக்கொண்டு தோப்பு வீட்டில் படுத்திருந்தார். மாப்பிள்ளைக்குத் திருவிழா கேட்க வேண்டாமா? தோப்பு, கண்மாய்க்கரையையும் தாண்டி இருந்தது. தடிச்ச சுருள் போதாமல், சித்தப்பா அதன் நுனியில் மெல்லிசு வயரையும் முறுக்கி ஒட்டுப் போட்டார். கரை நெடுகக் கருவேல முள். அதை வெட்டி வழிவிட, அந்தப் பெண்ணின் அப்பாவைத்தான் கூப்பிட்டுவிட்டார்கள். வெட்டி முடித்ததும் சித்தப்பா சொன்னார்:

"ஆடு கடிச்சிராம இங்கனயே இருந்து பாத்துக்க."

"சரிங்க."

என் பேச்சைக் கேட்டுத்தான் சித்தப்பா வயரைச் சரிபண்ணிவிட்டார் என்று எனக்கு ஒரே பெருமை. அதை அந்தப் பெண்ணின் அப்பாவிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. "பாத்தீகளா, எட்டுது" என்றேன்.

"ஆமா தாயி. நல்ல வயரு" என்றார்.

பொழுது சாயும் நேரத்தில் பரிசு ஆரம்பித்தது. ஒட்டுப் போட்ட இடத்தில் டேப் பிரிந்திருக்கிறதா என்று பார்த்துவரச் சித்தப்பா என்னைக் கரைக்கு அனுப்பினார். தோப்புக் குழாய் மாப்பிள்ளையின் ஜன்னலைப் பார்த்துத் திரும்பியிருந்தது. கடல் காற்று வேறு எதிர்ப்பக்கமாக அடித்தது. கரைக்கு வந்து சேர்ந்ததெல்லாம் கிழிந்த கிழிசலான சத்தம்தான். அந்தப் பெண்ணின் அப்பா குத்துக்காலிட்டு வயருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கரைக்குக் கீழே அவர் தெருவில் பெண்கள் வாசலுக்கு வந்து நின்றிருந்தார்கள். நடுவில் அந்தப் பெண், எண்ணெய் வைத்துத் தலை பின்னி, பூ வைத்து, புதுப் பாவாடையில்.

"திடலுக்கு வந்தா நல்லாக் கேக்கும்ல?" என்று கேட்டேன்.

"ஆடு வரும் தாயி. நான் வயரப் பாக்கணும்ல."

ஆடு ஒன்றும் கண்ணில் படவில்லை. காற்றில் வாத்தியார் குரல் வருவதும் போவதுமாக இருந்தது. வகுப்பின் பெயர் கேட்டது. அப்புறம் காற்று. அப்புறம் கைதட்டல்.

"சொல்லிட்டாகளா?" என்று அவர் கேட்டார்.

"சொல்லிட்டாக போலருக்கு."

"எம் புள்ள பேருதானா?"

"எனக்குச் சரியாக் கேக்கல."

அவர் மகளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு தரையில் கிடந்த வயரைக் குனிந்து எடுத்து, உள்ளங்கையில் வைத்து, மெதுவாக மூடிக்கொண்டார். கீழே தெருவில் எல்லாரும் அவர் கையையே பார்த்தார்கள். அவர் அவர்களைப் பார்த்து, கேட்டுவிட்டது என்பதுபோலத் தலையை ஆட்டினார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இவ்வளவு பெரிய ஆளுக்கு இதுகூடவா தெரியாது என்று, சித்தப்பா எனக்கு விளக்கும் அதே பொறுமையோடு அவருக்கு விளக்கினேன்: "வயரப் பிடிச்சாக் கேக்காது. குழாய்க்கு முன்னாடி நின்னாத்தான் கேக்கும்."

வயர் சம்பந்தப்பட்ட மட்டும் நான் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை.