படத்துக்காக வளைந்த முதுகு

மளிகைக் கடைக்கு மேலே இருந்த நீள அறையில் டீச்சர் யோகா சொல்லிக்கொடுத்தாள். சேர்ந்த அன்றே பின்னால் வளைந்துவிடத் துடிப்பவர்களை அவள் லேசில் விடமாட்டாள். தோளும் தொடையும் இடுப்பும் நன்றாகச் சூடேற வேண்டும். பிறகு கவிழ்ந்து படுத்து நெஞ்சை மட்டும் தூக்குவது. அது பழகினால் முட்டிபோட்டு, இரண்டு கையையும் இடுப்பில் ஊன்றி மெல்லச் சாய்வது. முதுகு முழுக்க வளைய வேண்டும், இடுப்பில் ஓரிடத்தில் மட்டும் மடியக் கூடாது என்பாள். கழுத்தைத் தொங்கப் போட்டால் திட்டு விழும். சுருக்கென்று வலித்தால் அந்த நிமிடமே இறங்கிவிட வேண்டும். கையும் காலும் தரையில் ஊன்றி உடம்பைத் தூக்கும் சக்கராசனத்தைச் சிலருக்கு அவள் கடைசிவரை சொல்லிக்கொடுக்கவே இல்லை.

ஆள் சேர்ப்பது கணவர் பொறுப்பு. அவருக்கு இந்த நிதானம் கசந்தது. எதிர்ச்சாரியில் புதிதாகத் திறந்த வகுப்பில், ஒரே மாதத்தில் வில்லாக வளைக்கிறோம் என்று பலகை வைத்தார்கள். பாதிப் பேர் அங்கே தாவினார்கள். படுக்கவைத்தே எல்லாரையும் விரட்டிவிட்டாய் என்று சாப்பாட்டு நேரத்தில் குத்திக் காட்டுவார்.

ஒருநாள் காலை, அவள் எழுந்து முகம் கழுவுவதற்குள் விளம்பரத்துக்குச் சக்கராசனத்தில் ஒரு படம் வேண்டுமென்று படம் எடுப்பவரைக் கூட்டிவந்துவிட்டார். உடம்பு இன்னும் கட்டையாக இருக்கிறது, கொஞ்ச நேரம் கொடுங்கள் என்றாள். ஜன்னல் வெளிச்சம் போய்விடுமாம்.

"மத்தவங்களுக்கு நான் சொல்றது எனக்கும்தாங்க."

"உனக்கென்ன, ரப்பர் உடம்பு. சும்மா தூக்கு."

வந்தவர் முன்னால் சண்டை வேண்டாமென்று தூக்கினாள். முடி முகத்தில் விழுந்தது, துணி சுருங்கியது என்று மறுபடி மறுபடி தூக்கச் சொன்னார்கள். கடைசித் தடவை இடுப்பில் ஏதோ பிடி விட்டது. இடது கால் வழியாக நெருப்பு இறங்கியது. படம் மட்டும் அருமையாக வந்திருந்தது.

முதுகெலும்பில் தட்டு பிதுங்கி நரம்பை அழுத்துகிறது, இனி வளையவே கூடாது என்றார் டாக்டர். வகுப்பு தங்கையின் கைக்குப் போனது. அக்காவிடம் பழகியவள்தான், ஆனால் மாமா பேச்சுக்கு மறுபேச்சு பேசமாட்டாள். மாடிச் சுவரில் ஆளுயரத்துக்கு அந்தப் படம் ஏறியது. கூட்டம் நெரிந்தது. எடுத்துவிடச் சொல்லி டீச்சர் கெஞ்சிப் பார்த்தாள். அதைப் பார்த்துத்தானே ஆள் வருகிறது என்றார் கணவர்.

ஒருநாள் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு படியேறினாள். மூச்சு வாங்க வகுப்பின் நடுவில் நின்றாள்.

"இந்தப் படம் எடுத்த அன்னிக்குத்தான் என் இடுப்பு போச்சு. தூங்கி எழுந்த உடம்போட, சூடேத்தாம வளைஞ்சேன். இதப் பாத்து யாரும் வளையாதீங்க."

தங்கை அன்று எல்லாரையும் கவிழ்ந்து படுக்க மட்டும் வைத்தாள். விஷயம் தெரிந்ததும் கணவர் தங்கையைக் கூப்பிட்டு, "உங்க அக்காவுக்கு வயித்தெரிச்சல்" என்றார். டீச்சர் பக்கத்து அறையில்தான் இருந்தாள். தங்கை அதை மறுக்கவில்லை. இடுப்பு போன அன்றுகூட டீச்சர் அப்படி அழவில்லை.

அடுத்த வாரம் மேலே பழையபடி சக்கராசனம் தொடங்கியது. கடைக்குப் பின்னால்தான் வீடு. புதிதாகச் சேர வந்த ஒருத்தி வழி தெரியாமல் கதவைத் தட்டினாள்.

"படத்துல இருக்கறது நீங்கதானே? அப்படி வளைய எவ்வளவு நாளாகும்?"

டீச்சர் பாயை விரித்து, முதலில் கவிழ்ந்து படுக்கச் சொன்னாள். வந்தவள் சங்கடமாகச் சிரித்தாள். மாடிப்படி எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொண்டு போய்விட்டாள்.