இடது கைப் பெருவிரல்

மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் அப்பாவின் கமிஷன் கடை ஷட்டரை அவர் கைமேலேயே இழுத்து இறக்கினார்கள். ஒருவன் அவருடைய வலது மணிக்கட்டைப் படியோடு அழுத்திப் பிடித்துக்கொண்டான். இன்னொருவன் ஷட்டரின் கைப்பிடியில் ஏறி மிதித்தான். காலைப் பலகாரம் கொண்டுபோயிருந்த நான் தூக்குவாளியோடு நின்றேன். பக்கத்துக் கடைகளில் மல்லிகை நிறுப்பது நிற்கவில்லை.

அப்பாவுக்கு வட்டிக்குப் பணம் கொடுத்தவர் குரலை உயர்த்தவே இல்லை. "இந்தக் கைதான மாப்ள மஞ்ச நோட்டீசு குடுக்கப் போவுது? குடுக்கட்டும். திங்கக்கிழம திருநகர் வீட்டுக்குப் பூட்டோட வாரேன்."

திவால் மனுவுக்கு எங்கள் ஊரில் மஞ்சள் நோட்டீஸ் என்று பெயர். அது நீதிமன்றத்தில் ஏறிவிட்டால், கடன் கொடுத்தவர் தாமாக வந்து வீட்டைப் பூட்ட முடியாது. மனு நீதிமன்றத்துக்குள் போகும்வரை யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று வக்கீலம்மா முந்தைய நாளே எச்சரித்திருந்தார். அப்பா தலையாட்டினார். ஆனால் வாய்ச்சொல்லை நம்பி மூட்டை மூட்டையாகப் பூ கைமாறும் சந்தையில் வளர்ந்தவர் அவர். கொடுத்தவரின் முகத்துக்கு நேரே சொல்லாமல் மனுப் போடுவது துரோகம் என்று, விடிந்ததும் தாமே போய்ச் சொல்லிவிட்டார்.

எலும்பு முறிந்த விரல்களுக்கு மாவுக்கட்டுப் போட்டு, மருத்துவமனையிலிருந்து நேராக அவரை வக்கீலம்மாவிடம் அழைத்துப் போனேன். காவல் நிலையத்துக்கான புகாரையும் எழுதி முடித்துவிட்டு, மனுவில் இடது கைப் பெருவிரல் ரேகை வைத்தால் போதும் என்றார் அவர்.

"நான் கைநாட்டு இல்லம்மா," என்றார் அப்பா. கூலி வேலை செய்த குடும்பத்தில் கையெழுத்துப் போடக் கற்ற முதல் ஆள் அவர். "கட்டுப் பிரிக்கட்டும். நானே போடுறேன்."

"அதுவரைக்கும் வீடு இருக்காதுண்ணே."

அப்பா இடது கையை இறுக மூடி மடியில் வைத்துக்கொண்டார். நான் எழுந்து அந்த மணிக்கட்டைப் பிடித்தேன். அவர் இழுத்தார், நான் விடவில்லை. மூடிய விரல்களைப் பிரித்து, பெருவிரலை மையில் ஒற்றி, கையை மேசையோடு சேர்த்து அழுத்தினேன். காலையில் அவனும் இப்படித்தான் அழுத்தினான். அப்பா கண்களை மூடிப் பற்களைக் கடித்தார், மேலேயிருந்து ஏதோ விழப்போவதுபோல. ஒவ்வொரு பக்கத்திலும் ரேகை வேண்டும் என்றார் வக்கீலம்மா. கடைசிப் பக்கம்வரை நான் பிடியைத் தளர்த்தவில்லை.

மனு அன்று மாலைக்குள் நீதிமன்றத்தில் சேர்ந்தது.

திங்கட்கிழமை அவர்கள் வந்து கதவை உதைத்தார்கள். நீதிமன்ற முத்திரை விழுந்த நகலை ஜன்னல் கண்ணாடிக்குள்ளிருந்து காட்டினேன். அந்தக் கண்ணாடியைக் கல்லால் உடைத்துவிட்டு, கொண்டுவந்த பூட்டோடு திரும்பிப் போனார்கள்.